திருப்பிக் கொடுத்த விறகுக் கட்டு

அன்பு மகள் ரூபாவுக்கு அம்மா பிரேமலதா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் இரண்டு பசுக்களும் வேளைக்குத் தின்று, வேலைக்குப் போய், நேரம் கிடைத்தால் சண்டையும் போட்டுக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போடுகிற அந்த ஜெர்மனியில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், டியூட்டி முடிந்ததும் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ மூன்று சொல்கிறாய், அதற்குள் உன் ஆஸ்பத்திரியில் மணி அடித்துவிடுகிறது. கங்கம்மா கோயில் ஜாத்திரைக்கு முந்தின வாரம் நான் பாதி சொன்னதைக் கேட்டுவிட்டு, "மறுபடியும் கொடல் அள்ளப் போறியாம்மா, நீ அதைத் தொடக் கூடாதுன்னுதானே நான் இத்தினி தூரம் வந்து கெடக்கறேன்" என்று அழுது போனை வைத்தாய். அதற்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் சாப்பிட்டியா தூங்கினியா என்பதோடு சரி. அதனால்தான் எழுதுகிறேன். புத்தூர்ப் பெண் பரணி லீவு முடிந்து அங்கே திரும்புகிறாள், அவள் கையில் ஆவக்காயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நடுவில் நீ பேச முடியாது, முழுசாகப் படித்துவிட்டுத்தான் திட்ட முடியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அள்ளவில்லை. நம் காலனியில் ஒருத்தர்கூட அள்ளவில்லை. அள்ளினது யார் என்று தெரிந்தால் டியூட்டி நடுவில் சிரித்து மாட்டிக்கொள்வாய், ரூமுக்குப் போய் மீதியைப் படி.

நீ ஊரைவிட்டுப் போகும்போது நம் அடுப்பு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். நம்மைச் சித்தூர் ஜில்லாவிலிருந்து எடுத்துத் திருப்பதி ஜில்லாவில் போட்டார்கள், போர்டு மாறியது, அடுப்பு மாறவில்லை. கவர்ன்மெண்டு கொடுத்த சிலிண்டர் ஒரு தடவை எரிந்து தீர்ந்தது, பிறகு அதன் மேல் துளசித் தொட்டியை வைத்தேன். விறகு ஊர்ப் பெரிய வீட்டுச் செங்கல்வராயன் தோப்பில். காய்ந்த மாங்கிளையைப் பொறுக்கிக்கொள்ளலாம், அதற்குப் பதிலாகத் தினமும் காலையில் அவர்கள் மாட்டுக்கொட்டகையைக் கூட்டிச் சாணி அள்ள வேண்டும். கூலி கிடையாது. விறகுதான் கூலி. நான் கல்யாணமாகி வந்த மறுநாள் என் மாமியார் என்னை அந்தக் கொட்டகைக்குப் பின்பக்க வழியாகக் கூட்டிப் போய்க் காட்டினாள். அப்புறம் ஒரு நாள் ஓர் அதிகாரி நம் பள்ளிக்கூடத்துக்கு வந்து புவி வெப்பமாதல் பற்றிப் பேசினார். வீட்டில் விறகு எரிக்காதீர்கள், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள், கரண்டை வீணாக்காதீர்கள், பூமி உங்கள் கையில் என்றார். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் அவருடைய கார் வேப்பமரத்தடியில் ஏ.சி. ஓடிக்கொண்டு நின்றது, டிரைவர் உள்ளே தூங்கினான். நான் எழுந்து, "சார், மொதல்ல அந்த வண்டியை நிறுத்தச் சொல்லுங்க, அப்பறம் எங்க அடுப்பை நிறுத்தறோம்" என்றேன். உன் நைனா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். அதிகாரிக்கு முகம் சிவந்தது, ஆனால் கூட வந்திருந்த நந்திதா என்கிற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருப்பதியில் ஒரு சங்கத்தில் வேலை செய்கிறாளாம், உன் வயதுதான் இருக்கும், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள். கூட்டம் முடிந்ததும் நேராக நம் வீட்டுக்கு வந்து, விறகு வேண்டாமென்றால் வேறு வழி இருக்கிறது அக்கா, இடம் மட்டும் கொடுங்கள் என்றாள்.

அப்படித்தான் நம் வீட்டுக்கும் கமலம்மா வீட்டுக்கும் நடுவில் இருந்த புறம்போக்கில் கோபர் கேஸ் தொட்டி வந்தது. ஐந்து வீட்டுக்கு ஒரு தொட்டி. நம் மாடு இரண்டு, கமலம்மா மாடு ஒன்று, மூன்றும் போடுகிற சாணி, ஐந்து வீட்டுக் கழுநீர், வடித்த கஞ்சி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மீதி வைக்கிற சோறு, ரோட்டு ஓட்டலில் வீணாகிற காய்கறி எல்லாம் உள்ளே போகும். மேலே கவிழ்த்து வைத்த டிரம் கேஸ் சேரச் சேர எழும்பும், சமைக்கச் சமைக்க இறங்கும். இந்தக் குப்பை சும்மா கிடந்து அழுகினால் அதிலிருந்து கிளம்பும் காற்று மேலே போய்ப் போர்வை மாதிரிச் சூட்டை அடைத்துக்கொள்ளும், அதையே பிடித்து அடுப்பில் எரித்தால் அந்தத் தொல்லையும் குறையும், விறகும் மிச்சம் என்று நந்திதா சொன்னாள். பூமிக்கு நல்லதோ கெட்டதோ, தை மாதத்தில் முதல் தடவை நீலமாக நெருப்பு வந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான், நாளைக்குக் கொட்டகைக்குப் போக வேண்டியதில்லை. மறுநாள் போகவும் இல்லை. செங்கல்வராயன் பெண்டாட்டி தேவயானியம்மா ஆள் அனுப்பினாள், போகவில்லை. பால் சொசைட்டியில் பார்த்தபோது எல்லோர் எதிரிலும், "ஏய், இன்னாமே, பெரிய மனுசி ஆயிட்டியா, சாணி நெருப்பு எத்தினி நாளிக்கு எரியுதுன்னு நானும் பாக்கறேன், நீ என் தோப்புக்கு வராம எங்க போவே" என்றாள். நான் பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து உன் நைனாவிடம் சொன்னேன், இனி செத்தாலும் அந்தக் கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று. அவர், செத்தால் எப்படிக் கால் வைப்பாய் என்றார். அவருக்கு எப்போது விளையாடுவது என்றே தெரியாது. அந்த வீறாப்பில்தான் சித்திரையில் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தோம், வெள்ளை வெளேரென்று. வெயிலை அது திருப்பி அனுப்பிவிடுகிறது, மத்தியானத்தில் வீட்டுக்குள் உட்கார முடிகிறது, நீ ஏ.சி. வாங்கித் தருகிறேன் என்றாயே, அது வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான், கோபம் இல்லை.

பிறகு மாம்பழக் காலம் வந்தது. வழக்கம்போல நானும் கமலம்மாவும் பழக்கூழ் பாக்டரிக்குப் பழம் வெட்டப் போனோம். அங்கே தோல் மலை மாதிரிக் குவியும், ஈ மொய்க்கும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர்களே கெஞ்சுவார்கள். கமலம்மாதான் முதலில், "ஏம்மே, மாடு இதைத் துன்னுதே, தொட்டி துன்னாதா" என்றாள். ஐந்து வீட்டில் ஒருத்தருக்கும் அது தப்பாகப் படவில்லை. இனிப்பாக இருக்கிறது, சும்மா கிடைக்கிறது, போட்டால் கேஸ் பெருகாதா. ஆட்டோவில் மூட்டை மூட்டையாக வந்தது. சாணி போடுவதைக் கூட நிறுத்திவிட்டோம், அதை எருவாக்கலாம் என்று. முதல் சில நாள் டிரம் எப்படி எழும்பியது தெரியுமா, ஐந்து வீட்டிலும் கறி வெந்தது, குளிக்க வெந்நீர் வேறு. கமலம்மா தன் அடுப்பை எரியவிட்டு வாசலில் உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் யாராவது போனால் கூப்பிட்டு, வாங்க வந்து பார்த்துட்டுப் போங்க என்பாள். அப்புறம் ஒரு நாள் தொட்டிப் பக்கம் புளித்த கள் மாதிரி வாடை. நெருப்பு மஞ்சளானது, குட்டையானது, பிறகு தீக்குச்சியைக் காட்டினால் குச்சிதான் அணைந்தது. டிரம் கேஸால் எழும்பித்தான் நின்றது, ஆனால் அந்தக் கேஸ் எரியவில்லை. பிள்ளைக்கு மூன்று வேளையும் வெல்லமே ஊட்டினால் வயிறு என்ன ஆகும், அதுதான் ஆனது. தொட்டிக்கும் வயிறு இருக்கிறது என்று எங்களுக்கு அப்போது தோன்றவில்லை.

அடுப்பு நின்றால் வீடு நிற்கும் ரூபா. சிலிண்டர் வாங்க உன் நைனா கிளம்பினார், புக் பண்ணி எட்டு நாள் ஆகும் என்றார்கள். கமலம்மா வெட்கத்தை விட்டுத் தோப்புக்குப் போய் இரண்டு கட்டு விறகு கொண்டுவந்து ஒன்றை என் வாசலில் போட்டாள். அதில் கொஞ்சம் எரித்தேன். நம் கூரை மேல் மறுபடியும் புகை எழும்பினதை ஊர் முழுக்கப் பார்த்தது. அன்று சாயங்காலமே தேவயானியம்மா சொல்லி அனுப்பினாள், விறகு எடுத்தாச்சு இல்ல, காலையில கொட்டாய்க்கு வந்துடச் சொல்லு என்று. சொல்ல வந்தவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, அவனும் நம்மைப் போல ஒருவன். நான் மீதி விறகைக் கட்டி ஒரு மூலையில் வைத்தேன், தொடவில்லை. ஐந்து வீட்டுக்கும் உன் நைனா ஓட்டலில் இருந்து இட்லி வாங்கி வந்தார், கமலம்மா ராகியை ஊறவைத்து முளைகட்டிப் பச்சையாகவே கொடுத்தாள், அவள் புருஷன் நான் என்ன கோழியா என்று கேட்டான். நந்திதாவுக்குப் போன் போட்டேன். அவள் வந்து புளிப்பைக் காட்டுகிற ஒரு பட்டைக் காகிதத்தைத் தொட்டித் தண்ணீரில் நனைத்துப் பார்த்து, "ஏம் காது அக்கா, ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க, புளிச்சிப் போயிருக்கு" என்றாள். எதையும் உள்ளே போடக் கூடாது, சுண்ணாம்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அதோடு பச்சைச் சாணி ஒரு டிராக்டர் வேண்டும், அசை போடுகிற மாட்டின் வயிற்றிலிருந்து வருகிற உயிர்தான் தொட்டிக்கு உயிர் என்றாள். ஒரு டிராக்டர் சாணி நம் மூன்று மாடு எந்தக் காலத்தில் போடும். சாணி இருக்கிற இடம் இந்த ஊரில் ஒன்றுதான், அந்தக் கொட்டகை. உன் நைனா போய்க் கேட்டார். விலைக்குக் கொடுங்கள் என்றே கேட்டார். தேவயானியம்மா சிரித்து, "வெலை எதுக்கு தமிழரசு, உன் பொஞ்சாதி வந்து பழையபடி கூட்டட்டும், வேணும்ங்கறதை அள்ளிக்கினு போவட்டும்" என்றாளாம். அவர் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்த ஒரே ராத்திரி அதுதான்.

காலையில் எழுந்ததும் நந்திதாவைக் கூப்பிட்டு ஒன்று கேட்டேன், அசை போடுகிற பிராணி என்றால் மாடுதானா, ஆடு ஆகாதா, ஆட்டு வயிற்றில் அரைபட்டுக் கிடக்கிற புல் ஆகாதா என்று. அவள், அது சாணியைவிட நல்லது அக்கா, ஆனால் அவ்வளவு எங்கே கிடைக்கும் என்றாள். எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். கங்கம்மா ஜாத்திரை அடுத்த வாரம். வீட்டுக்கு வீடு ஆடு. அதைத்தான் உனக்குப் போனில் சொல்ல வந்தேன், நீ அழுதாய். நீ மட்டும் இல்லை, இங்கேயும் அதே கதைதான். நம் தெருவில் கூட்டம் போட்டோம், ஹரிபாபு குதித்தான். தலைமுறை தலைமுறையாக ஊர் வெட்டும், காலனி குடலைக் கழுவிக் கொடுத்து மீதியை அள்ளிக் கொட்டும், அந்த வேலையை மூன்று வருஷம் முன்னால் நிறுத்திக் காட்டினவன் அவன், அதற்காக அடியும் வாங்கினவன். "அக்கா, நீ கேஸுக்காக எங்க மானத்தை அடுப்புல வெச்சிக் கொளுத்தறே" என்றான். உன் நைனாவும் அவன் பக்கம் தலையாட்டினார். நான் சொன்னேன், யாருடா அள்ளப் போறேன்னு சொன்னது, நாம கையால தொடக் கூடாது, அவங்களே அள்ளணும், அவங்களே கொண்டாரணும், நம்ம தெருவுக்கு, நம்ம தொட்டிக்கு. தெரு முழுக்கச் சிரித்தது. கமலம்மா, "செங்கல்வராயன் தலையில கூடையா, அதைப் பாக்கறதுக்கு நான் கொடுத்து வெச்சிருக்கணுமே" என்றாள். ஹரிபாபு மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தான். போன வருஷம் என்ன நடந்தது என்று அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது. நாம் அள்ளாததால் டிராக்டரில் ஏற்றி ஏரிக்கரையில் நம் பக்கமாகப் பார்த்துக் கொட்டினார்கள். மழை பெய்தது, எல்லாம் ஏரிக்குள் போனது, ஏரிக் கிணற்றிலிருந்துதான் ஊர் டேங்குக்குத் தண்ணீர் ஏறுகிறது. குழாயைத் திறந்தால் ஊருக்கும் நாற்றம், நமக்கும் நாற்றம். கங்கம்மா யாருக்கும் பாரபட்சம் பார்க்கவில்லை. இந்த வருஷம் எங்கே கொட்டுவது என்று அவர்களுக்கே தெரியாது. அந்த முடிச்சைத்தான் பிடித்தோம்.

ஹரிபாபுவும் நானும் இன்னும் நாலு பேரும் கோயில் கமிட்டிக்குப் போனோம். செங்கல்வராயன்தான் தலைவர். ஏரிக்கரையில் கொட்டினால் இந்தத் தடவை போலீஸில் எழுதிக் கொடுப்போம், எங்கள் தொட்டிக்கு ஆட்டு இரைப்பையில் இருக்கிற தழை மட்டும் வேண்டும், குடல், தோல், எலும்பு எல்லாம் உங்கள் தோப்பிலேயே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், மரத்துக்கு உரமாகும் என்றோம். நீங்களே பிரித்து நீங்களே கொண்டுவர வேண்டும் என்று நான் சேர்த்துச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கோயில் வேலைடா இது, அம்மாவுக்குச் செய்யறதுக்குக் கொடுப்பினை வேணும்" என்றார். ஹரிபாபு, "எங்க தாத்தன் பூட்டன் எல்லாம் அனுபவிச்சிட்டாங்க சாமி, அந்தக் கொடுப்பினை கொஞ்சம் உங்களுக்கும் வரட்டும்" என்றான். ஒருத்தர் அடிக்க வந்தார். ஒரு பெரியவர் தடுத்து, போன வருஷம் டேங்குத் தண்ணி ஞாபகம் இருக்கா என்று மட்டும் கேட்டார். அடிக்க வந்தவர் உட்கார்ந்துவிட்டார். ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். ஜாத்திரை நடந்தது. கூழ் ஊற்றினார்கள், பம்பை அடித்தார்கள், ஆடு விழுந்தது. நம் தெருவிலிருந்து கும்பிடப் போனோம், வேலை செய்ய ஒருத்தரும் போகவில்லை. ஆடி மாதம் என்று பேர், வெயில் சித்திரையைத் தோற்கடித்தது, நாளுக்கு நாள் இப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. மத்தியானத்துக்கெல்லாம் கோயிலுக்குப் பின்னால் குவிந்திருந்தது வாடை எடுக்க ஆரம்பித்தது, விருந்தாளிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். கமலம்மா வாசலில் உட்கார்ந்து, காத்து அந்தப் பக்கமே அடிக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் டிராக்டர் சத்தம். செங்கல்வராயன் டிராக்டர். அதை எப்போதும் ஓட்டுகிறவன் நம் தெருப் பையன், அவன் வரமாட்டேன் என்றதால் அவரே ஓட்டி வந்தார். பின்னால் பெட்டியில் அவர் மகன் ஸ்ரீஹரி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரம்களைப் பிடித்தபடி நின்றான், கூட ஊர்ப் பையன்கள் மூன்று பேர். நம் தெருவுக்குள் அந்த டிராக்டர் இதுவரை ஆள் ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறது. தெரு மொத்தமும் வாசலில் நின்றது. கமலம்மா முந்தானை நுனியை வாயில் கவ்விக்கொண்டாள். முதல் டிரம்மை இறக்கினார்கள். உங்கள் ஊரில் குப்பையைக் கலந்து போட்டால் எடுக்க மாட்டார்கள், சீட்டு ஒட்டி வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள் என்று நீ சொன்னாயே, அது எனக்கு ஞாபகம் வந்தது. டிரம்மைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் டம்ளரும் பிரியாணித் தட்டும். இதை எடுக்க மாட்டோம் என்றேன். ஸ்ரீஹரி, "ஆன்ட்டி, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, ரெண்டு டம்ளர்தானே" என்றான். ஆன்ட்டி! போன வருஷம் வரைக்கும் நான் அவர்கள் வீட்டில் 'ஏய்'தான். தம்பி, மாம்பழத் தோலுக்கே இந்தத் தொட்டி படுத்துக்கினுச்சு, டம்ளரை எப்படித் துன்னும், பொறுக்கிட்டு ஊத்துங்க என்றேன். அவன் அப்பாவைப் பார்த்தான். செங்கல்வராயன் என்னைப் பார்த்தார். நான் குச்சியோடு நகராமல் நின்றேன். அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துவிட்டு, குனிந்து, இரண்டு கையையும் உள்ளே விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே போட்டார். ரூபா, எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். எனக்கு என் மாமியார் ஞாபகம் வந்தது, அவளுடைய நகக்கண் ஞாபகம் வந்தது, கோபம்தான் வந்தது. ஒரு நாள் காலையில் அவருக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே, நமக்கு எத்தனை காலம். எல்லாம் ஊற்றி முடித்ததும் கையை அகல விரித்து நின்றுகொண்டு, கொஞ்சம் தண்ணி என்றார். ஹரிபாபு தெருக் குழாயைத் திறந்துவிட்டான், சோப்பும் கொடுத்தான். நம் குழாயில், நம் சோப்பில், முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கமலம்மாவுக்கு அப்போதுதான் வாய் வந்தது, "நல்லாத் தேய்ங்க சாமி, லேசுல போவாது, எங்களுக்குத் தெரியும்" என்றாள்.

அதற்கப்புறம் காத்திருந்தோம், புக் பண்ணின சிலிண்டர் வந்து ஐந்து வீடும் மாறி மாறி அதில்தான் சமைத்தது. சுண்ணாம்புத் தண்ணீர், நம் மாட்டுச் சாணி, வேறு ஒன்றும் இல்லை. புளிப்பு வாடை மெல்ல மாறியது. ஒரு நாள் பற்றவைத்தால் புஸ்ஸென்று அணைந்தது, இன்னொரு நாள் இரண்டு நிமிஷம் நின்றது. ஆவணி பிறந்த வாரத்தில் உன் நைனா தீக்குச்சியைக் கிழித்தார், அடுப்பு முழு வட்டமாக, நீலமாக, சத்தத்தோடு பிடித்தது. ஐந்து வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார், புகையே இல்லாத அடுப்பில் எதற்குக் கண்ணைத் துடைக்கிறீர்கள் என்று கேட்டேன். அன்று டீ போட்டு எல்லோருக்கும் கொடுத்தேன், ஹரிபாபு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மானம் எரியலக்கா, கேஸ்தான் எரியுது என்றான். அப்புறம் மூலையில் வைத்திருந்த மீதி விறகுக் கட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். கொட்டகைப் பக்க வழியாகப் போகவில்லை. முன் வாசலுக்கே போய், கோலத்தை மிதிக்காமல் பக்கத்தில் இறக்கினேன். தேவயானியம்மா வெளியே வந்து, "இன்னாமே இது" என்றாள். உங்க தோப்பு வெறகும்மா, எரிச்சது போவ மீதி, எங்க வீட்டுல எரிக்க எடம் இல்ல என்றேன். அவள் கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொட்டகையைக் கூட்ட ஆள் கிடைக்காமல் சாணி வழிந்து கிடப்பது ஊருக்கே தெரியும். நான் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்தபிறகு பின்னாலிருந்து கூப்பிட்டாள், பிரேமா என்று, ஏய் இல்லை. "அந்தத் தொட்டி எங்க வூட்டுல போடணும்னா இன்னா செய்யணும்" என்றாள். நந்திதா நெம்பர் தரேன், வந்து போட்டுக் குடுப்பா, சாணி உங்க கிட்டதான் இருக்குதே, ஆனா தெனமும் கரைச்சி ஊத்தணும் என்றேன். யார் கரைக்கறது என்று கேட்டாள். உங்க வூட்டு அடுப்பு எரியணும்னா உங்க கைதாம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் அவர்கள் வீட்டில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். கூலி பேசி ஹரிபாபு கூட்டத்தையே கூப்பிட்டார்கள், பேசின கூலியை அன்றன்றைக்கே கொடுத்தார்கள், இல்லாவிட்டால் இவன்கள் மண்வெட்டியைத் தொட மாட்டான்கள். பூமி சூடானதற்கு நம் அடுப்பு காரணம் இல்லை கண்ணு. விளக்கே இல்லாமல் இருந்தவர்களிடம் வந்து விளக்கை அணை என்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது. ஆனால் அந்தக் கொதிப்பை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, வெயிலில் முதலில் சுருண்டு விழப்போகிறது நம் தெருதான், மாடியில்லாத வீடுதான், வயலில் நிற்கிற உடம்புதான். அதனால் நமக்காகச் செய்கிறோம், யாருக்கும் உபகாரமாக இல்லை. நம்மைப் பார்த்து வடக்குத் தெருவில் ஏழு வீடு சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். மாடிச் சுண்ணாம்பும் பரவிவிட்டது, ரோட்டிலிருந்து பார்த்தால் நம் காலனி வெள்ளையாகத் தெரிகிறது, பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள்.

நீ அங்கே யார் கால் கழுவினாலும் தலை நிமிர்ந்து கழுவு, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அது, யாரும் பின்பக்க வழியாக வரச் சொல்லவில்லை. கங்கம்மா உன்னை நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நல்ல துணையும் நிறைந்த வயிறும் உனக்குக் கிடைக்கட்டும். சிலிண்டருக்கென்று பணம் அனுப்பாதே, அந்தச் சிலிண்டர் துளசிக்குத்தான் வேண்டும். ஆவக்காயை நனைந்த கரண்டியால் எடுக்காதே. இனிமேல் போனில் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அழாமல் கேள், மறந்துவிடாதே.

கையில் இன்னும் சுண்ணாம்பு போகாத உன் அம்மா,
பிரேமலதா